மூன்றாவது மிதி

என் அண்ணன் பூதலிங்கம் உலகத்தைக் கவிழ்க்கப் பார்க்கிற விஞ்ஞானி. என் வீட்டுக்காரர் தவசிலிங்கம் அவனைத் தடுக்கிற வீரர். அவருக்குப் போட்டியாகக் கீழத்தெருவில் கொம்பையா அண்ணாச்சி என்று இன்னொரு வீரர் இருக்கிறார். ஒரு ஊர் நடக்க இவ்வளவு பேர் போதும்.

எங்கள் ஊரில் தரை தொடர்ச்சியாகக் கிடையாது. கொஞ்ச தூரம் தரை, அப்புறம் பள்ளம், அப்புறம் மறுபடி தரை. பள்ளத்துக்கு அடி கிடையாது. நடுவில் ஆகாயத்தில் பலகைகள் மிதக்கும். சில பலகை நின்ற இடத்திலேயே நிற்கும், சில பலகை போய்ப் போய் வரும். பால் வாங்கப் போகிறவள் போய்வருகிற பலகைக்குக் காத்திருந்து குதித்து ஏற வேண்டும். துவரம்பருப்பு வேண்டுமென்றால் கடைத்தெருவில் தொங்குகிற பெட்டிக்கு அடியில் நின்று எம்பித் தலையால் முட்ட வேண்டும். கொடுப்பினை இருந்தால் பருப்பு விழும், இல்லையென்றால் புளி விழும். என் உச்சந்தலை எப்போதும் வீங்கித்தான் இருக்கும். அதைத் தடவிப் பார்த்துத்தான் நான் ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறேனா என்று என் மாமியார் தெரிந்துகொள்வாள்.

அண்ணன் ஊர்க்கோடியில் ஒரு கோட்டையில் இருக்கிறான். அவ்வப்போது ஒரு இயந்திரம் செய்வான். வீரர்கள் போய் அவன் தலையில் குதித்து மிதிக்க வேண்டும். மூன்று மிதி விழுந்தால் அவன் மினுங்கிச் சிறுத்து மறைந்துபோவான், உலகம் பிழைக்கும். மூன்றாவது மிதி யாருடையதோ அவருக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள். முதல் மிதிக்கும் இரண்டாவது மிதிக்கும் ஒரு கும்பிடுகூடக் கிடையாது.

முதல் மிதி எப்போதோ விழுந்துவிட்டது. அதில்தான் சிக்கலே. மிதிக்கிறவர் அந்த வேகத்திலேயே எம்பித் தூரப் போய் விழுவார். அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் அடுத்தவர் மிதித்துவிடலாம். ஆகையால் இரண்டாவது மிதியைப் போடுகிறவன் மூன்றாவதை எதிராளிக்குத் தாரை வார்க்கிறான் என்று அர்த்தம். என் வீட்டுக்காரரும் கொம்பையா அண்ணாச்சியும் தினம் சாயங்காலம் முள்ளைத் தாண்டி, சுழல்கிற நெருப்பைத் தாண்டி, அண்ணன் ஏவிவிட்ட நண்டுகளை நசுக்கிக்கொண்டு கோட்டைக்குப் போவார்கள். அண்ணன் முன்னால் போய் நின்று, "நீர் மிதியும் வே", "ஏன், உமக்கு என்ன காலில் சுளுக்கா?" என்று ஒருவரையொருவர் மரியாதை பண்ணிக்கொண்டு நிற்பார்கள். இருட்டுகிற சமயத்தில் அண்ணன் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பிவிடுவான். பெருங்காயம் போட்ட மோர். வீட்டுக்கு வந்து அதையும் என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்வார், வெட்கமே இல்லாமல்.

அண்ணன் பிறவிக் கிறுக்கன் இல்லை. அப்பா ஒரு நாள் போய்வருகிற பலகையில் கால் தவறிப் பள்ளத்தில் விழுந்தார். அடி இல்லாத பள்ளம் என்பதால் அவர் விழுந்து முடிக்கவில்லை. இன்னமும் விழுந்துகொண்டுதான் இருக்கிறார். அம்மா இருந்தவரைக்கும் மத்தியானம் ஒரு பொட்டலம் சோறு கட்டி உள்ளே போடுவாள். அப்பா விழுகிற வேகத்தைவிடச் சோறு விழுகிற வேகம் கூடுதலாக இருக்க வேண்டுமே என்று அதற்குள் ஒரு கல்லையும் வைத்துக் கட்டுவாள். அம்மாவும் போன பிறகு அண்ணன் கோட்டையில் போய் உட்கார்ந்துகொண்டான். எனக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவன் ஒருத்தன்தான் மிச்சம்.

இந்த நிலைமையில்தான் என் மகள் பேச்சிக்குக் காது குத்த வேண்டி வந்தது.

காது குத்துவதென்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். வேறு மடியில் வைத்துக் குத்திய காது எங்கள் ஊரில் தூர்ந்துபோகும், பல பேருக்குத் தூர்ந்திருக்கிறது. என் மாமியார் ஆவணி பிறந்ததிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். கூடப்பிறந்தவன் இருந்தும் இல்லாத மாதிரி ஒரு பிறப்பு, சீர் கொண்டு வருவானா, மடி கொடுப்பானா, அல்லது அன்றைக்கும் ஊரைக் கவிழ்க்கப் போகிறேன் என்பானா என்று அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து பேசினாள். எனக்கு அழுகையாக வந்தது. அழுதால் அதையும் ஒரு குறையாகச் சொல்வாள் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அழுதேன். அண்ணன் வராவிட்டால் இந்த ஊரில் நான் எங்கிருந்தோ முளைத்தவள் என்று ஆகிவிடும். அது எனக்குத் தாங்காது.

வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வர முடியாது என்றார். கோட்டைக்குள் அவர் கால் வைத்தால் அது சண்டைக்குப் போனதாகத்தான் கணக்கு, தாம்பாளத்தோடு போனால் கொம்பையா முகத்தில் எப்படி முழிப்பது என்றார். தினம் மோர் குடித்துவிட்டு வருகிறீர்களே, அதற்கு முழிக்க முடிகிறதா என்று கேட்டேன். பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு நண்டின்மேல் போய் இடித்துக்கொண்டு மினுங்க ஆரம்பித்துவிட்டார். வீரர்களுக்கு அடிபட்டால் கொஞ்ச நேரம் மினுங்குவார்கள். மினுங்குகிறவரை எதுவும் அவர்களைத் தொடாது, நாம் சொல்கிற பேச்சும் ஏறாது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் அவருக்கு எங்கிருந்தாவது ஒரு நண்டு கிடைத்துவிடும்.

இடுப்பில் பிள்ளை, கையில் தாம்பாளம். நானே போனேன். முள்ளும் நெருப்பும் எனக்காக நிற்கவில்லை. கூடப்பிறந்தவள் என்று பார்த்தால் பிறகு ஊரில் கேட்பார்கள் என்பது அண்ணனுடைய கட்சி. சேலைத் தலைப்பு லேசாகக் கருகியதோடு போய்ச் சேர்ந்தேன்.

அண்ணன் ஒரு இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். மாவரைக்கிற கிரைண்டர் அளவுதான் இருந்தது. என்ன அண்ணே இது என்று கேட்டதற்கு, இறங்குவதை ஒழிக்கிற இயந்திரம் என்றான். அதை முடுக்கிவிட்டால் மேலே இருப்பது எதுவும் கீழே வராது. குதித்தவன் குதித்த உயரத்தில் நிற்பான். பள்ளத்தில் விழுந்தவன் விழுந்த மட்டத்தில் நிற்பான். அப்பாவும் நின்றுவிடுவார் என்றான். நின்றுவிட்டால் ஒரு கயிற்றை விட்டு மேலே இழுத்துவிடலாம், ஏறுவதைத்தான் நான் ஒழிக்கவில்லையே என்றான். அவன் பேச்சில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

நான் தாம்பாளத்தை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு பேச்சியை ஒரு தரம் பார்த்தான். தூக்கவில்லை. கையெல்லாம் எண்ணெய் என்றான். அன்றைக்குக் காலையில்தான் இயந்திரத்தை முடுக்குவதாக இருக்கிறேன், அதற்கென்ன, அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், ஒரே நல்ல நேரத்தில் இரண்டும் நடக்கட்டும் என்றான். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. மடி வருகிறது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

செய்தி தெரிந்ததும் வீரர்கள் இரண்டு பேரும் கோயில் வாசலில் கூடிப் பேசினார்கள். இறங்குவது ஒழிந்துவிட்டால் மிதிப்பது எப்படி, மிதிக்காவிட்டால் பரிவட்டம் எப்படி என்று இரண்டு பேருமே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். முடுக்குவதற்கு முன்பே கதையை முடித்துவிட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அப்படியானால் இரண்டாவது மிதி யார் என்பதில் மட்டும்தான் இருந்தது. மச்சான் முறைக்கு நீர்தான் மிதிக்க வேண்டும், உறவு விட்டுப் போகுமா என்றார் கொம்பையா அண்ணாச்சி. பிள்ளைக்குத் தகப்பன் சடங்கு நேரத்தில் முந்திக்கொண்டு குதித்தால் நன்றாகவா இருக்கும், நீரே மிதியும் என்றார் இவர். அப்படியே பேசிப் பிரிந்தார்கள்.

சடங்கு அன்றைக்குக் குலதெய்வக் கோயில் முன்னால் திறந்த வெளியில் ஜமுக்காளம் விரித்தோம். அண்ணன் தன்னுடைய பறக்கிற உருளியில் வந்து இறங்கினான். பின்னாலேயே நண்டுகள் வரிசையாகச் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தன. பட்டுப் பாவாடை, பழம், தேங்காய், கொலுசு, ஒரு தங்கத் தோடு. என் மாமியார் ஒவ்வொரு தட்டாகத் திறந்து பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் நண்டுகளுக்கு ஒழுங்காக வரிசையில் நிற்கத் தெரியவில்லை என்றாள். எனக்கு அப்படியே குளிர்ந்துபோயிற்று. சலவை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, என் அண்ணன் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பக்கத்திலேயே இயந்திரத்தை வைத்துக்கொண்டான்.

அவன் கை இயந்திரத்தின் பக்கம் போனது. என் வீட்டுக்காரர் கொம்பையா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி இவரைப் பார்த்தார். அண்ணாச்சிக்கு முழங்கால் லேசாக மடங்கியதை இவர் கண்டார். சரி, இரண்டாவது மிதிக்கு ஆள் குதித்தாயிற்று, நாம் மூன்றாவது என்று நினைத்துக்கொண்டு குதித்தார். இவருடைய முழங்காலைப் பார்த்து அண்ணாச்சியும் அதையேதான் நினைத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பி, அண்ணன் தலைக்கு நேர் மேலே வந்து, இனி இறங்க வேண்டியதுதான் பாக்கி என்கிற இடத்தில் அண்ணன் விசையைத் தட்டிவிட்டான்.

இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். நாலு பாதமும் அண்ணன் தலைக்கு மேலே, மூஞ்சியை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு. ஊர்க்காரர்கள் தூவிய அட்சதை ஆகாயத்தில் அப்படி அப்படியே நின்றது. அதை விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. சமையல்காரர் வந்து, கரண்டியிலிருந்து சாம்பார் இலைக்கு இறங்க மாட்டேன் என்கிறது, எப்படிப் பரிமாற என்று கேட்டார். சடங்கு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினோம். அண்ணன் பள்ளம் இருக்கிற திசையைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் சின்ன வயசில் பார்த்தது.

"அப்பா இப்ப நின்னுருப்பாங்க, செம்பா" என்றான்.

நல்ல நேரம் போகிறது, பிள்ளையைக் கொடு என்று மாமியார் அவசரப்படுத்தினாள். நான் பேச்சியை என் இடுப்பிலிருந்து எடுத்து அண்ணன் மடியில் வைக்கப் போனேன். வைக்க முடியவில்லை. இடுப்பிலிருந்து மடிக்கு இறங்க வேண்டும், இறங்குவதுதான் ஒழிந்துவிட்டதே. பிள்ளை என் இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் உட்கார்ந்து கையைக் கொட்டிச் சிரித்தது. கீழே ஒரு முழம் தள்ளி மாமன் மடி காலியாக இருந்தது.

பிள்ளை இறங்காவிட்டால் மாமன் ஏறட்டும் என்று யாரோ சொன்னார்கள். நல்ல யோசனைதான். அண்ணன் கையை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்ப எழும்ப, அடியில் ஒவ்வொரு மணையாகச் செருகினோம். கோயில் மணை தீர்ந்து பக்கத்து வீட்டு மணைகளும் வந்தன. கடைசியில் மடி போய்ப் பிள்ளையைத் தொட்டது. எல்லாருக்கும் திருப்தி. காது குத்த வந்த ஆசாரி முக்காலி ஒன்றைப் போட்டு ஏறி நின்று ஊசியை எடுத்தார். மாமியார்கூடச் சரி என்று தலையாட்டினாள்.

அண்ணன்தான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். பேச்சியின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து மடியோடு அமர்த்திப் பார்த்தான். அது அமரவில்லை. தொட்டுக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். மறுபடியும் அமர்த்திப் பார்த்தான்.

"பாரமே தெரியலையே, செம்பா" என்றான்.

அவன் அண்ணாந்து தலைக்கு மேலே நிற்கிற நாலு பாதத்தைப் பார்த்தான். இவருடைய பாதத்தில் பித்தவெடிப்பு. எத்தனையோ தடவை விளக்கெண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறேன். பிறகு பள்ளத்தின் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பிள்ளையைப் பார்த்தான். கை விசைப் பக்கம் போனது. அவன் என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வேண்டாம் அண்ணே. காது தூர்ந்தா தூர்ந்துட்டுப் போவுது. நீ இருந்தா போதும்" என்றேன்.

"மாமன் மடியில உக்காந்தோம்னு பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா" என்றான். "தலையைப் பிடிச்சுக்கோ. ஆடிறப் போறா."

விசையைத் திருப்பிவிட்டான்.

இயந்திரம் அடங்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கனமில்லாததெல்லாம் முதலில் இறங்கியது. அட்சதை மழையாக எங்கள்மேல் கொட்டியது. அடுத்தபடியாகப் பேச்சி இறங்கினாள். அண்ணன் மடியில் அவள் பாரம் விழுந்தது. மணையெல்லாம் லேசாகக் கிறீச்சிட்டதை நான் கேட்டேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த நேரத்துக்குள் ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். பிள்ளை வீல் என்று அழுதது. அண்ணன் முழங்காலை ஆட்டி ஆட்டிச் சமாதானம் பண்ணினான். வாயால் ஏதோ பாட்டுக்கூட முனகினான். மறு காதுக்கு ஆசாரி இந்தப் பக்கம் வருவதற்குள் கனமான ஆட்கள் இறங்கிவிட்டார்கள்.

நாலு பாதமும் சேர்ந்தே விழுந்தன. அண்ணன் மினுங்கினான், சிறுத்தான், மறைந்தான். இடுப்புக்கு மேலே மறைந்தான். காது குத்துவது பாதியில் இருந்ததால் மடி மறையவில்லை.

சலவை வேட்டி கட்டிய மடி, அடுக்கின மணைகளின்மேல் சம்மணம் போட்டபடியே இருந்தது. அதில் பேச்சி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நானும்தான் அழுதேன், மாமியார் பார்க்கப் பார்க்கவே அழுதேன். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று மட்டும் சொல்லி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஆசாரி மறு காதையும் குத்தித் தோட்டைப் போட்டார். முழங்கால் இரண்டும் பிள்ளை அழுகை நிற்கும்வரை ஆடிக்கொண்டிருந்தன.

தூரத்தில் போய் விழுந்த வீரர்கள் எழுந்து வந்து, யாருடையது மூன்றாவது மிதி என்று ஆரம்பித்தார்கள். ஒரே நேரத்தில் விழுந்த நாலு பாதத்தில் எது இரண்டாவது, எது மூன்றாவது என்று யார் சொல்வது? பூசாரி பரிவட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். கடைசியில் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். சாம்பார் இலையில் இறங்கியது. எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், பாயசம் போதவில்லை.

மடியை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்கட்டில் ஒரு நாற்காலியில் வைத்தோம். என் வீட்டுக்காரர் அதற்கு நேராக வருவதில்லை. வெளியே போகும்போது சுவர் ஓரமாகவே போவார். வீட்டிலேயே மோர் கொடுத்தால் வேண்டாம் என்கிறார். நான் வேட்டியை மட்டும் வாரத்துக்கு ஒரு தரம் மாற்றுவேன். பேச்சி சாப்பிட அடம் பிடித்தால் அதில் கொண்டுபோய் உட்கார வைப்பேன். சாப்பிட்டுவிடுவாள்.

போன வாரம் கொம்பையா அண்ணாச்சியின் பெண்சாதி உலகம்மை வந்திருந்தாள். நடையிலேயே நின்றாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அவள் பையனுக்கு இரண்டு தரம் காது குத்தி இரண்டு தரமும் தூர்ந்துவிட்டது. மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மைனி, ஒரு நாளைக்குத் தருவீங்களா?" என்று கேட்டாள். அவள் வீட்டுக்காரருடைய காலும்தான் அன்றைக்கு மேலே இருந்தது. எனக்கு வாய் வரை வந்தது. பையன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், காது இரண்டும் மூளியாக.

புது வேட்டி ஒன்று எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். நிற்க வைத்தால் மடி போய்விடும், உட்கார்ந்த வாக்கிலேயே நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போங்கள் என்றேன். பள்ளம் தாண்டும்போது பார்த்துத் தாண்டுங்கள். பையன் அழுதால் பயப்பட வேண்டாம், முழங்கால் தானாக ஆடும் என்று சொல்லி அனுப்பினேன்.